‘தானாகவே’ என்ற அந்தச் சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயுள்ள சிறுவன் ஒருவனின் குடும்பத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ரத்தம் ஏற்றுவதற்காக அந்தப் பெற்றோர் படும் அலைச்சலையும், ஏற்றிய ரத்தத்தின் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் தங்கிவிடும் ஆபத்தையும் கட்டுரையாளர் பொறுப்போடு எழுதியிருக்கிறார். ஆனால் கட்டுரை முடியும் இடத்தில், “மூத்த மகளுக்கு நோய் இல்லை, அவள் தானாகவே வளர்ந்துவிட்டது இவர்களுக்கு ஓர் ஆறுதல்” என்று ஒரு வரி வருகிறது. அந்த மகளுக்குப் பதினொரு வயது என்பதும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. தம்பிக்குப் படமும் பெயரும் உண்டு. அவளுக்குப் பெயர்கூட இல்லை.

நானும் அப்படி ஒரு மூத்த மகள். என் தம்பி 1993-இல் பிறந்தான். ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது வெளிறிப்போனவனைப் பரிசோதித்து, தலசீமியா மேஜர், அதாவது அந்த நோயின் கடுமையான வகை என்று சொன்னார்கள். அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை அம்மாவும் அப்பாவும் அவனைத் தூக்கிக்கொண்டு ஜோலார்பேட்டையில் அதிகாலை ரயில் ஏறிச் சென்னைக்குப் போவார்கள். வீட்டுச் சாவியை ஊக்கில் கோத்து என் பாவாடையின் உட்பக்கம் குத்திவிட்டுப் போவாள் அம்மா. பள்ளியில் நாள் முழுவதும் அது தொடையில் உரசிக்கொண்டே இருக்கும். மதிப்பெண் அட்டையில் கையெழுத்து வாங்கி வராததற்காக என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்திய ஆசிரியைக்கு, கையெழுத்துப் போட வீட்டில் ஆள் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தம்பியைப் பற்றிச் சொன்னால் அழுகை வரும், அழுதால் செய்தி அம்மாவுக்குப் போகும், அம்மாவுக்கு இன்னொரு பாரமாகிவிடும் என்பதுதான் அப்போது எனக்கிருந்த பயம்.

பத்து வயதில் நான் தம்பிக்கு மருந்து கலந்து கொடுத்தேன். இரும்பை வெளியேற்றும் டெஸ்ஃபெரியாக்சமின் பொடியில் ஊசிநீரை விட்டு, புட்டியை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி உருட்டிக் கரைத்து, நுரையில்லாமல் சிரிஞ்சில் ஏற்றி பம்ப்பில் பொருத்தித் தருவேன். அவன் வயிற்றுத் தோலுக்கடியில் ஊசியைச் செருகுவது மட்டும் அம்மாவின் வேலை. வாரத்தில் ஐந்து இரவுகள், இரவுக்குப் பத்து மணி நேரம் அது ஓடும். ஊசி நழுவிவிடுமோ என்று அவன் பக்கத்தில் அரைத்தூக்கமாகப் படுத்திருந்தவளும் நான்தான். இதில் எது தானாக நடந்தது என்பதைக் கட்டுரையாளர் சொன்னால் தெரிந்துகொள்வேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தலசீமியாவைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பராமரிப்பவர் என்ற சொல்லுக்குப் பெற்றோருடன் குடும்பத்தின் மற்றவர்களையும் சேர்த்தே அது பொருள் தருகிறது. இது தாங்கள் அறியாததல்ல.

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குத் தம்பியோடு எனக்குப் பொருந்துகிறதா என்று 1999-இல் பார்த்தார்கள். பொருந்தவில்லை. அன்று மாலை வீட்டில் அடுப்பு எரியவில்லை. “உன் ரத்தம் சேரலையாம்மா” என்று உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். அவர் பாசத்தோடுதான் சொன்னார். நானோ, இந்த வீட்டில் பிறந்த பிள்ளைதானா நான் என்று பல இரவுகள் யோசித்தேன். அங்கே பார்க்கப்படுவது ரத்த வகையே அல்ல, திசுப் பொருத்தம் என்பதையும், தாயிடமிருந்து ஒரு பாதி, தந்தையிடமிருந்து ஒரு பாதி என்று வருவதால் உடன்பிறந்தவருக்கு முழுதாகப் பொருந்தும் வாய்ப்பே நான்கில் ஒன்றுதான் என்பதையும் அன்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. பிளஸ் டூவில் மரபியல் பாடம் படித்தபோது நானே நோட்டில் கட்டம் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஊசி குத்தி ரத்தம் எடுத்தவர்களுக்கு அதைச் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் அந்த மருத்துவமனையில் நோயாளியின் அக்கா என்பவள், பொருந்துகிறாளா இல்லையா என்று பார்த்த அந்த ஒரு நாளைத் தவிர மற்ற நாட்களிலெல்லாம், ‘பன்னிரண்டு வயதுக்குக் கீழே அனுமதியில்லை’ என்ற பலகைக்குக் கீழே மாடிப்படியில் உட்கார வேண்டியவள்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் இருவரும் நோய்க்கூறு சுமப்பவர்களாக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அதைச் சுமப்பதற்குச் சரிபாதி வாய்ப்பு இருக்கிறது. அப்படியிருந்தும், நான் சுமப்பவளா என்று காட்டும் ஹெச்.பி.ஏ.2 என்ற ரத்தப் பரிசோதனையை எனக்குச் செய்யச் சொல்ல இருபத்து நான்கு வயது வரை ஒருவரும் இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் “அந்த வீட்டில் ரத்த நோயாம்” என்று திரும்பிப்போன பிறகு, நானே போய் எடுத்துக்கொண்டேன். சுமப்பவருக்கு அதனால் நோய் கிடையாது, கணவரும் சுமப்பவராக இருந்தால்தான் பிள்ளைகளுக்கு ஆபத்து என்பதை எத்தனை பேருக்கு நான் வாயால் விளக்கியிருப்பேன்! இரண்டு ஆண்டுகளுக்கு முன் உலக தலசீமியா நாளையொட்டித் தாங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கத்திலும் உடன்பிறந்தவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. அப்போதும் கடிதம் எழுதினேன், அது வெளியாகவில்லை. இடமின்மை காரணமாக இருக்கலாம் என்று அமைதியானேன்.

என் பெற்றோரை நான் குறை கூறவில்லை. அவர்களுக்கு இரண்டு கைகள்தான் இருந்தன. ஆனால் அந்த இரண்டு கைகளுக்கு மூன்றாவதாக ஒரு கை கொடுக்க மருத்துவமனையிலோ பள்ளியிலோ உறவிலோ ஆள் இல்லாமல் போனது, அந்த மூன்றாவது கை ஒரு குழந்தையின் கையாகிவிட்டது. அமெரிக்காவில் எட்டு முதல் பதின்மூன்று வயது வரையுள்ள உடன்பிறந்தவர்களைத் தனியே ஒன்றுகூட்டி, விளையாட வைத்து, மனத்தில் இருப்பதைப் பேச வைக்கும் ‘சிப்ஷாப்’ கூட்டங்கள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. இங்கே அவ்வளவுகூட வேண்டாம். ரத்தம் ஏற்றும் நாளன்று அக்காவையும் உள்ளே விட்டு, அந்தப் பையில் என்ன இருக்கிறது, எதற்காகச் சொட்டுகிறது என்று செவிலியர் ஒருவர் காட்டினால் போதும்.

தம்பிக்கு இப்போது முப்பது வயது கடந்துவிட்டது. வேலைக்குப் போகிறான், மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்கிறான். அவனிடம் காட்டிவிட்டே இதை அனுப்புகிறேன். அந்தக் கட்டுரை இடம்பெற்ற தொடர் நூலாக வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அப்போது அந்த வரியிலிருந்து ‘தானாகவே’ என்ற சொல்லை மட்டுமாவது எடுத்துவிடுங்கள். நோயுள்ள பிள்ளையின் உடன்பிறந்தவர்களும் ஹெச்.பி.ஏ.2 பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்ற குறிப்பையும் அதே பக்கத்தின் அடியில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகி,
திருப்பத்தூர் மாவட்டம்