12-ஆம் மாதம் அந்தக் கால் எப்படி இருக்கிறது?

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் முடநீக்கியல் துறைத் தலைவர்களுக்கும் நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

எலும்பு முறிவு சிகிச்சையிலும் அதன்பின் வரும் இயன்முறை சிகிச்சையிலும் இந்த மண்டலத்தில் வேலை செய்யும் நாங்கள், ஒரே ஒரு கோரிக்கையோடு எழுதுகிறோம். எலும்பு முறிந்து வரும் நோயாளியை நீங்கள் ஆறு பேரும் ஒரே படிவத்தில் 12 மாதம் வரை பின்தொடர வேண்டும். குணமானதா என்பதை நம் ஆட்கள் அன்றாடம் செய்கிற வேலைகளை வைத்து அந்தப் படிவம் அளக்க வேண்டும்.

வெளிநாட்டு ஆய்வுகளே போதுமே என்ற கேள்வி வரும். போதாது. எந்த ஆய்வு முடிவும் அது நடந்த சூழலோடு ஒட்டியே வருகிறது. பிரிட்டனில் நடந்து 2022-இல் வெளியான டிராஃப்ட்-2 ஆய்வைப் பாருங்கள். மணிக்கட்டு எலும்பு விலகி உடைந்த 500 பேரில் பாதிப் பேருக்கு எலும்பை நேராக்கி மாவுக்கட்டு, மீதிப் பேருக்குக் கம்பி. ஓராண்டு கழித்து இரு தரப்பின் கையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே வேலை செய்தது. அப்படியானால் மாவுக்கட்டே போதும் என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் மாவுக்கட்டுக் குழுவில் 13 சதவீதம் பேருக்கு முதல் 6 வாரத்துக்குள் எலும்பு மறுபடி நகர்ந்து அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. அது கண்ணில் பட்டது, அவர்கள் மறுபரிசோதனைக்கு வந்து எக்ஸ்ரே எடுத்துக்கொண்டதால்தான். தாளவாடியிலிருந்து திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளும், வால்பாறையிலிருந்து 40 வளைவுகளும் இறங்கி, ஒரு நாள் கூலியையும் விட்டுவிட்டு இரண்டாம் வாரம் எத்தனை பேர் வருகிறார்கள்? அந்த எண்ணிக்கை நம் கையில் இல்லாதவரை, அதே மாவுக்கட்டு இங்கே அதே பலன் தரும் என்று சொல்ல நமக்கு ஆதாரம் கிடையாது.

இடுப்பு எலும்பு முறிவுக்கும் இதே கதைதான். 2020-இல் வெளியான ஹிப் அட்டாக் ஆய்வில் இந்தியா உட்பட 17 நாடுகளிலிருந்து 2,970 பேர் சேர்ந்தார்கள். 6 மணி நேரத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கும் 24 மணி நேரத்தில் செய்தவர்களுக்கும் 90 நாள் இறப்பில் வேறுபாடு தெரியவில்லை (9 சதவீதம், 10 சதவீதம்). அவசரம் வேண்டாம் என்று இதைப் படித்தால் பெரிய பிழை. அந்த ஆய்வில் தாமதம் என்றாலே ஒரு நாள்தான். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்க, ரத்தம் ஏற்பாடு செய்ய, காப்பீட்டு ஒப்புதல் வர, உறவுக்காரர்கள் கலந்து பேச என்று 5, 6 நாள் படுக்கையில் கிடக்கும் பாட்டியைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

அளவுகோலுக்கு வருவோம். மணிக்கட்டு ஆய்வுகளில் உலகம் முழுக்கப் பயன்படும் கேள்வித்தாள், கத்தியால் இறைச்சியை வெட்ட முடிகிறதா, கழிப்பறைக் காகிதம் பயன்படுத்த முடிகிறதா என்று கேட்கிறது. பல்லடத்தில் ஒரு தறிக்காரரிடம் இதைக் கேட்டால் அவர் எதை வைத்துப் பதில் சொல்வார்? கேட்கிற பயிற்சி மருத்துவர் தாமே ஒரு எண்ணைப் போட்டு நிரப்புவார், அந்த எண் ஆய்வேட்டில் அச்சாகும். கணுக்கால் முறிவுக்கான ஒலெருட்–மொலாண்டர் அளவீட்டில் குந்தி உட்காருவதற்கு 100-க்கு 5 மதிப்பெண்தான். குந்த முடியாதவரும் 95 வாங்கி 'மிக நன்று' ஆகிவிடலாம். குந்தாமல் களையெடுக்க முடியுமா? வீட்டில் இருக்கும் கழிப்பறையையாவது பயன்படுத்த முடியுமா?

ஆகவே படிவத்தில் இவை வேண்டும். கைக்கு: பால் கறப்பது, ஈரத் துண்டைப் பிழிவது, நிறைந்த குடத்தைத் தூக்குவது, மொபெட்டின் ஆக்சிலரேட்டரைத் திருகுவது. காலுக்கு: குந்தி எழுவது, சம்மணமிட்டுக் கையூன்றாமல் எழுவது, வரப்பில் நடப்பது, பேருந்துப் படி ஏறுவது, தறி முன்போ பனியன் மெஷின் முன்போ ஒரு ஷிப்ட் முழுக்கத் தாக்குப்பிடிப்பது. ஒவ்வொன்றுக்கும் 'சிரமமில்லை, சிரமப்பட்டு முடிகிறது, முடியவில்லை' என்ற மூன்று பதில் போதும். பழைய கேள்வித்தாளையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள், உலக ஆய்வுகளோடு ஒப்பிட அது வேண்டும். புதிய படிவத்தை ஒரே நோயாளியிடம் ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை கேட்டுப் பாருங்கள். நிலைமை மாறாதவருக்குப் பதில் மாறினால் கேள்வியின் சொற்களில் கோளாறு. வேலைக்குத் திரும்பினாரா என்பதோடு நிறுத்தாமல் அதே வேலையா, அதே கூலியா என்றும் கேளுங்கள். பொள்ளாச்சியில் தென்னை ஏறியவர் இன்று வாட்ச்மேனாக உட்கார்ந்திருந்தால், வேலைக்குத் திரும்பினார் என்று எழுதுவது அவருக்குச் செய்யும் அநியாயம். அறுவை சிகிச்சை செய்தவரே இந்தக் கேள்விகளைக் கேட்கக் கூடாது. கையெடுத்துக் கும்பிடும் நோயாளி அவரிடம் 'பரவாயில்லைங்க சார்' என்றுதான் சொல்வார்.

இனி எண்ணிக்கை. முதுநிலை மாணவரின் ஆய்வேடு பெரும்பாலும் 30 நோயாளிகள், 6 மாதம் என்று முடிகிறது. 30 பேரில் 3 பேருக்குச் சீழ் பிடித்தால் 10 சதவீதம் என்று எழுதுகிறோம். உண்மை விகிதம் 2 சதவீதமாகவும் இருக்கலாம், 26 சதவீதமாகவும் இருக்கலாம், 30 பேரை வைத்து அதற்கு மேல் சொல்ல முடியாது. ஒரு சிகிச்சை சீழ் பிடிப்பதை 20-இலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கிறதா என்று நம்பிக்கையோடு சொல்ல, ஒப்பிடும் ஒவ்வொரு குழுவுக்கும் ஏறத்தாழ 200 பேர் வேண்டும். பாதியில் விட்டுப்போகிறவர்கள் 15 சதவீதம் என்று கணக்கிட்டால் 235. ஒரு கல்லூரியில் ஒரு மாணவரின் பயிற்சிக் காலத்துக்குள் இது நடக்காது. ஆறு கல்லூரி, ஒரே படிவம், அடுத்தடுத்த மாணவர்கள் என்றால் நடக்கும். ஆளுக்கொரு தலைப்பு என்ற வழக்கத்தை நெறிமுறைக் குழுக்கள் தளர்த்தி, ஒரு பெரிய ஆய்வின் ஒரு கூறைத் தனி ஆய்வேடாக ஏற்க வேண்டும்.

தோல் கிழிந்து எலும்பு வெளித்தெரியும் கீழ்க்கால் முறிவுக்குப் படிவத்தில் தனிப் பக்கம் வேண்டும். அடிபட்ட நேரம், முதல் ஆன்டிபயாடிக் ஊசி போட்ட நேரம், அது எந்த இடத்தில் போடப்பட்டது என்ற மூன்றும் இல்லாத படிவம் வீண். காயத்தில் என்ன அழுக்கு என்பதைச் சொல்லாகவே எழுதுங்கள்: சாணம் கலந்த தோட்டத்து மண், தறி ஆயில், சாலை ஜல்லி. இத்தகைய முறிவின் கடுமையைப் பிரித்துச் சொல்லும் கஸ்டிலோ வகையை அவசரப் பிரிவில் முடிவு செய்யாதீர்கள். தோலில் 2 செ.மீ. கிழிசல், உள்ளே தசை நசுங்கிக் கிடக்கும். அறுவை அரங்கில் சுத்தம் செய்த பிறகே எழுத வேண்டும். கூடவே நம் கோவை கங்கா மருத்துவமனை 2006-இல் உலகுக்குத் தந்த மதிப்பெண்ணையும் போடுங்கள். தோல், எலும்பு, தசை–நரம்பு ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5, உடன் இருக்கும் ஒவ்வொரு பாதகத்துக்கும் 2, மொத்தம் 29. 14 வரை காலைக் காப்பாற்றலாம், 17-உம் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் முடியாது, 15-உம் 16-உம் அனுபவத்துக்கு விட்ட இடம். நம் ஊர்க் காயங்களைப் பார்த்தே உருவான இந்த அளவுகோல் நம் எல்லாப் படிவத்திலும் இருக்க வேண்டாமா?

கழுவுவதற்கு உப்புநீர் போதும். இந்தியாவும் பங்கேற்று 2015-இல் வெளியான ஃப்ளோ ஆய்வில் சோப்புக் கரைசலால் கழுவியவர்களில் 14.8 சதவீதம் பேருக்கும் உப்புநீரால் கழுவியவர்களில் 11.6 சதவீதம் பேருக்கும் மறு அறுவை தேவைப்பட்டது. பீய்ச்சும் அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் பலன் மாறவில்லை. விலைகூடிய கருவிக்குப் போகும் பணத்தைப் பின்தொடர்தலுக்குத் திருப்பலாம்.

சீழ் என்பதற்கு ஆறு இடத்திலும் ஒரே பொருள் வேண்டும். புண்ணின் மேல் பஞ்சு தடவி எடுத்தால் தோலில் வாழும் கிருமிதான் வரும். ஆழத்திலிருந்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவியால், 5 துண்டு எடுங்கள். இரண்டில் ஒரே கிருமி வளர்ந்தால் உறுதி. எலும்பு கூடியதா என்பதற்கும் 'நன்றாக இருக்கிறது' என்ற குறிப்பு உதவாது. இரண்டு கோண எக்ஸ்ரேயில் நான்கு பக்கச் சுவரையும் பார்த்து, கோடு மட்டும் தெரிந்தால் 1, புது எலும்போடு கோடும் தெரிந்தால் 2, கோடு மறைந்தால் 3 என்று கூட்டும் ரஸ்ட் மதிப்பெண் 4 முதல் 12 வரை போகும். யார் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே விடை வரும்.

பின்தொடர்தல் உடைவது எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். ஒரே ஒரு போன் எண், அதுவும் மூன்றாம் மாதம் அணைந்திருக்கும். அனுமதிக்கும்போதே மூன்று எண் வாங்குங்கள்: நோயாளியுடையது, வீட்டிலிருப்பவருடையது, பக்கத்து வீட்டுக்காரர் அல்லது வேலைத்தளத்து மேஸ்திரியுடையது. ஒடிசா, பீகாரிலிருந்து திருப்பூருக்கு வந்தவர் என்றால் சொந்த ஊர் எண் கட்டாயம், படிவம் இந்தியிலும் ஒடியாவிலும் வேண்டும். இரவு 7 மணிக்கு மேலோ ஞாயிற்றுக்கிழமையோ அழையுங்கள். 2 வாரம், 6 வாரம், 3, 6, 12 மாதம். எக்ஸ்ரேயைப் பக்கத்து வட்ட மருத்துவமனையில் எடுத்துக்கொள்ளலாம். படம் துறையின் ஒரே போனுக்கு, பெயர் மறைத்து வர வேண்டும், வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றக் கூடாது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடிப் போகும் இயன்முறை மருத்துவர்கள் படிவத்தின் பின்பக்கத்தை நிரப்பித் தர முடியும். அதற்கு மாவட்ட அளவில் ஓர் உத்தரவு போதும். வராதவர்களைக் கணக்கிலிருந்து விட்டுவிடுவது ஆபத்து. அவர்களில் நன்றாகிப் போனவரும் இருப்பார், சீழோடு வேறிடம் போனவரும் இருப்பார். 12-ஆம் மாதம் குறைந்தது 85 சதவீதம் பேரின் நிலையாவது தெரியாவிட்டால் முடிவை வெளியிட வேண்டாம்.

நாட்டு வைத்தியரிடம் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டாரா என்ற கேள்வி படிவத்தில் இருக்க வேண்டும்: எத்தனை மணி நேரம் கழித்து, எத்தனை நாள், மூங்கில் பத்தை வைத்ததா, விரல் மரத்ததா. இறுகிய கட்டுக்குள் வீக்கம் ஏறித் தசை செத்துப்போவது எப்போது நடக்கிறது என்று அப்போதுதான் தெரியும். கடிந்துகொண்டு கேட்டால் அடுத்தவர் மறைப்பார்.

முதல் கூட்டு ஆய்வாக நாங்கள் முன்வைப்பது, அறுவை சிகிச்சை செய்த கணுக்காலை எப்போது ஊன்றலாம் என்பது. பிரிட்டனின் வாக்ஸ் ஆய்வு (2024, 561 பேர்) 2-ஆம் வாரமே ஊன்றுவது 6-ஆம் வாரம் ஊன்றுவதற்குச் சளைத்ததில்லை என்று காட்டியது. 'எப்பங்க காலு ஊனலாம்?' என்று கேட்கும் கூலிக்காரருக்கு அந்த 4 வாரம் ஒரு மாத வருமானம். மருந்தோ பிளேட்டோ புதிதாக வாங்க வேண்டியதில்லை. குந்தி எழும் திறனும் வேலைக்குத் திரும்பிய நாளும் முதன்மை அளவுகளாக இருக்கட்டும். யார் 2-ஆம் வாரம் ஊன்றுவது, யார் 6-ஆம் வாரம் ஊன்றுவது என்பதைக் குலுக்கல் சீட்டாக உறையில் போட்டு வைக்காதீர்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள், விருப்பமான சீட்டு வரும்வரை நோயாளியைத் தள்ளிவைப்பார்கள். ஒரு மைய எண்ணுக்கு அழைத்தால் கணினி சொல்லட்டும்.

நெறிமுறைக் குழுவினருக்கு இரண்டு வேண்டுகோள். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிவாகியிருப்பதைப் பார்த்த பிறகே ஒப்புதல் தாருங்கள். ஒவ்வொரு வருகைக்கும் பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் ஆய்வுச் செலவில் உண்டா என்று கேளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) வழிகாட்டுதல் அதற்கு இடம் தருகிறது.

இரு பக்கத்தில் அடங்கும் மாதிரிப் படிவம் எங்களிடம் தயாராக இருக்கிறது. ஆறு துறைகளும் ஒரு நாள் கூடினால் நேரில் கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
கொங்கு மண்டல எலும்பு முறிவு மருத்துவர்களும் இயன்முறை மருத்துவர்களும்