ஏரிக்கரையில் பச்சையும் நுரையும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரி பக்கத்திலுள்ள ஊசுட்டேரிக் கரையில் நம் டீக்கடை எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் கரையில் தெரியும் நுரைக்கும் நீலத் திட்டுக்கும் நம் கடைதான் காரணம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோவைப் பார்த்துவிட்டு, "கடைத் தண்ணியை ஏரியில விடுறீங்களாமே" என்று பழகியவர்களே கேட்கும்போது மனசு தாங்கவில்லை. அதனால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையும் சுத்துக்கேணி வாய்க்காலும்தான் ஏரியை நிரப்புகின்றன. தை பிறந்தால் வரத்து குறைந்துவிடும். மாசி, பங்குனி வெயிலில் தண்ணீர் வற்றத் தொடங்கும். ஏறக்குறைய 800 ஹெக்டேர் பரப்பு இருந்தாலும் ஆழம் குறைந்த ஏரி. சரிவு இல்லாத இடத்தில் ஒரு சாண் இறங்கினாலே தண்ணீர் பல அடி உள்வாங்கி, சேறு வெளியே தெரியும். அதுவரை மூழ்கிக் கிடந்த செடிகொடிகள் காற்றுப் புகாத அந்தக் கருஞ்சேற்றில் மக்கும்போது கந்தகம் கலந்த வாயு வரும். நீங்கள் முகம் சுளிக்கும் அழுகிய முட்டை நாற்றம் அதுதான்.

அப்புறம் பாசி. குறைந்த தண்ணீர் சீக்கிரம் சூடேறும். வயலிலிருந்து வரும் உரச்சத்தும் பறவை எச்சமும் அதில் சேர, பாசி மளமளவென்று பெருகும். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தக் கரையில் ஏடு மாதிரி ஒதுங்கும். வீடியோவில் "பெயிண்ட்" என்று காட்டுகிற நீலத் திட்டு, ஒதுங்கிய நீலப்பச்சைப் பாசி செத்துக் காயும்போது வெளிவருகிற அதன் சொந்த நிறம்.

நுரைக்கும் சோப்புத் தண்ணீர் வேண்டியதில்லை. செத்த பாசியும் இலைதழையும் கரைந்த நீரைக் காற்று அலைத்தால் தானாகவே நுரைக்கும். லேசான பழுப்பு நிறம், சேற்று வாசனை. சோப்பு மணம் இருக்காது. பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஆனால் பாசித் தண்ணீரில் கை வைக்காதீர்கள், குழந்தைகளையும் இறங்க விடாதீர்கள். சில பாசிகளில் நஞ்சு உண்டு.

நம் கடையில் பாத்திரம் கழுவும் தண்ணீர் முழுவதும் சாலைப் பக்கம் உள்ள உறிஞ்சுகுழிக்குத்தான் போகிறது. யார் வந்து கேட்டாலும் மூடியைத் திறந்து காட்டுகிறோம். பறவைகளுக்காக 2008-ல் சரணாலயமான ஏரி இது. இதை நம்பித்தான் எங்கள் பிழைப்பே நடக்கிறது. அதில் அழுக்கை விட எங்களுக்கு மனசு வருமா?

வீடியோ வந்த பிறகும் வழக்கம்போல விடியற்காலையில் வந்து டீ குடித்து, எங்களுக்காக நாலு பேரிடம் பேசியவர்களுக்கு மனமார்ந்த நன்றி. அந்த ஆதரவு பெரிய தெம்பு.

நாற்றம் குறையும்வரை ஏரிப் பக்கத்து பெஞ்சுகள் சாலைப் பக்கம் இருக்கும். டீ இனி 15 ரூபாய்.

அன்புடன்,
கடை உரிமையாளர்