மூன்று மாதச் சம்பளம் யார் தருவது? குமரி மாவட்ட லாரி முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள முதலாளிமாருக்கு,

வணக்கம். இருபத்தாறு ஆண்டுகள் லாரி ஓட்டினேன். இப்போது தக்கலைப் பக்கம், ஹெவி லைசென்ஸ் எடுக்க வரும் பையன்களுக்கு ஓட்டக் கற்றுத் தருகிறேன். உங்களில் சிலருடைய வண்டியை நானே ஓட்டியிருக்கிறேன். வேறு பலருடைய வண்டி இன்று என்னிடம் படித்தவர்கள் கையில் இருக்கிறது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். பத்துச் சக்கர டாரஸ் லாரி ஓட்டுகிறவன். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினான். வியர்வை பட்டு மடிப்பு கிழிந்திருந்தது. எடைமேடைச் சீட்டு: 33,500 கிலோ. அந்த வண்டிக்குச் சரக்கும் வண்டியும் சேர்த்து அனுமதி 28.5 டன்தான். களியக்காவிளை போகும் வழியில் நிறுத்தியிருக்கிறார்கள்.

“ஜல்லி ஏற்றி முடித்ததுமே ஸ்பிரிங் பட்டை படிந்து கிடந்தது ஆசானே. அதிகம் என்று முதலாளியிடம் சொன்னேன். பயப்படாமல் எடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்” என்றான்.

சொன்னபடி அவர் பார்த்துக்கொள்ளவும் செய்தார். அதிக எடைக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 என்பது கணக்கு. ஐந்து டன்னுக்கு மொத்தம் 30,000. கட்டிவிட்டார். மறுநாளே வேறு டிரைவர் ஏறி வண்டி புறப்பட்டுவிட்டது. பையனுடைய லைசென்ஸ் மட்டும் மூன்று மாதம் முடங்கியது.

அந்த அட்டை எப்படிக் கிடைத்தது என்று நினைத்துப் பாருங்கள். சரக்கு வண்டி ஓட்ட இருபது வயது நிறைய வேண்டும். இலகுரக வாகன லைசென்ஸ் வாங்கி ஓராண்டு ஆன பிறகே இதற்கு எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் போட முடியும். மருத்துவச் சான்று வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். எனக்குக் கட்டும் பணத்துக்கு இந்தப் பையன் அம்மாவின் கம்மலை அடகு வைத்தான். அது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது.

அதிகாரிகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதிக லோடு, அதிவேகம், சிக்னல் மீறல், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது, கைப்பேசி, குடி ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015லேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. சொன்னது சரிதான். அந்தப் பட்டியலில் மற்றவையெல்லாம் பெரும்பாலும் டிரைவர் தானாகச் செய்யும் தவறு. லோடு அப்படியல்ல. எத்தனை பக்கெட் ஜல்லி கொட்டுவது என்பதை அவனா முடிவு செய்கிறான்?

பழைய மாணவன் ஒருவன் பிரிட்டனில் இருக்கிறான். அங்கே லாரி ஓட்ட ஆசைப்பட்டு, நடைமுறையெல்லாம் விசாரித்து எனக்குச் சொன்னான். அங்கே தவறு செய்தால் அபராதத்தோடு லைசென்ஸில் புள்ளியும் விழும். வேகத்துக்குக் குறைந்தது 3, கைப்பேசியைக் கையில் பிடித்து ஓட்டினால் 6. மூன்று ஆண்டுக்குள் 12 சேர்ந்தால் வழக்கமாக ஆறு மாதமாவது தடை. முதல் லைசென்ஸ் வாங்கிய இரண்டு ஆண்டுக்குள் 6 சேர்ந்துவிட்டால் லைசென்ஸே ரத்து, திரும்பவும் பழகுநராகத் தொடங்க வேண்டும். கார் லைசென்ஸ் இல்லாமல் லாரி லைசென்ஸ் கிடையாது என்பதால் அதுவும் கூடவே போய்விடும். இரண்டு மூன்று புள்ளி இருப்பதாலேயே லாரி லைசென்ஸ் மறுக்கப்படுவதில்லை. ஆனால் காரில் வாங்கிய புள்ளியையும் பார்ப்பார்கள். நடத்தையில் சந்தேகம் வந்தால் டிராஃபிக் கமிஷனர் என்கிற அதிகாரி முன் விஷயம் போகும்.

என்னை நிமிர வைத்தது அடுத்து அவன் சொன்னது. லாரித் தொழில் நடத்த முதலாளிக்கு உரிமம் கொடுப்பதும் அதே கமிஷனர்தானாம். வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைக்கவும், உரிமத்தையே பறிக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

நம் சட்டமும் உங்களை மறந்துவிடவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆவது பிரிவு, அதிக எடையோடு ஓட்டுகிறவரை மட்டுமல்ல, ஓட்டச் செய்கிறவரையும் ஓட்ட விடுகிறவரையும் சேர்த்தே பேசுகிறது. டிரைவர் உரிமையாளராக இல்லாதபோது, உரிமையாளருக்குத் தெரிந்தோ அவர் உத்தரவின்பேரிலோதான் இது நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்கிறது 113ஆவது பிரிவு. எழுத்தில் இருக்கிறது. ரோட்டில்தான் காணோம்.

பையன்கள் எல்லாம் உத்தமர்கள் என்று நான் வாதாட மாட்டேன். பத்து டன் வண்டியைப் பதவிசாக ஓட்டுகிறவன், பைக்கில் ஏறியதும் ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு மார்த்தாண்டம் மேம்பாலத்தில் பறக்கிறான். ஹெல்மெட் போடாததற்கு ஆயிரம் ரூபாயோடு மூன்று மாதத் தகுதி இழப்பும் சட்டத்தில் இருக்கிறது. பைக்குக்கும் லாரிக்கும் ஒரே அட்டைதானே! வகுப்பில் இதைத் தினமும் கத்துகிறேன். அது என் பாடு.

உங்கள் பாடு இது. வண்டி குவாரியை விட்டுக் கிளம்பும் முன் எடை போடுங்கள். அதிகம் என்று டிரைவர் சொன்னால் குறைத்துவிடுங்கள், அவனை மாற்றாதீர்கள். இதையும் மீறி ஏற்றி அனுப்பி அவன் லைசென்ஸ் முடங்கினால், அந்த மாதங்களுக்குச் சம்பளத்தையும் பேட்டாவையும் கொடுங்கள். முப்பதாயிரம் கட்ட முடிந்தவருக்கு இதுவும் முடியும். லைசென்ஸை முடக்குவதற்கு முன் டிரைவரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்று 19ஆவது பிரிவு சொல்கிறது. உத்தரவு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடும் செய்யலாம். அந்த விசாரணைக்கு அவனோடு கூடப் போய், ஏற்றச் சொன்னது நான்தான் என்று எழுதிக் கொடுங்கள். இதுவரை அப்படி ஒரு முதலாளி போனதை நான் பார்த்ததில்லை.

பையனுக்கு இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருக்கிறது. அதே லாரியில் இப்போது கிளீனராகப் போகிறான். சம்பளம் பாதி. நேற்றும் ஜல்லி லோடுதான், டார்பாலினை அவன்தான் கட்டினான். எடை போட்டீர்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

இப்படிக்கு,
ஒரு பழைய டிரைவர்,
தக்கலை