வெண்ணெய் திரளும் வரை

அன்பு மகளுக்கு,

உன் வகுப்புப் பிள்ளைகள் 40 பேரையும், பழைய கிராம வாழ்க்கையின் வேலைகளைத் தம் கையாலேயே செய்து பார்க்கக்கூடிய அந்த அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லப்போவதாக நீ எழுதிய கடிதமும், உடன் வைத்திருந்த நிகழ்ச்சி நிரலும் கிடைத்தன. நூல் நூற்றல், வெண்ணெய் கடைதல், திருகையில் மாவரைத்தல், கயிறு திரித்தல், கொல்லன் பட்டறை, தொழுவம், மெழுகுவர்த்தி வார்த்தல், பழைய பள்ளிக்கூடம் என 8 இடங்கள். ஒவ்வொன்றுக்கும் 25 நிமிடம். கடிகாரக் கணக்கில் எல்லாம் அடங்கிவிடுகிறது. ஆனால் கைவேலைக்கு என்று ஒரு நேரம் உண்டு, அது இந்த நிரலில் அடங்கவில்லை. பாதியை அடித்துவிடு என்பதே நான் சொல்ல வந்தது.

வெண்ணெயையே எடுத்துக்கொள். பாலேடு சற்றுக் குளிர்ந்திருக்க வேண்டும்; 12 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நல்லது. அதைவிடச் சூடாக இருந்தால் வெண்ணெய் இளகிப் பிசுபிசுக்கும், மிகவும் குளிர்ந்திருந்தால் கை ஓய்ந்துபோகும் வரை கடைய வேண்டியிருக்கும். முதலில் நுரை பொங்கும். பிறகு கைப்பிடியைச் சுற்ற முடியாத அளவுக்குப் பாலேடு இறுகிவிடும். இனி ஒன்றும் நடக்காது என்று பிள்ளைகள் சலித்துக்கொள்ளும் கட்டம் அதுதான். அதையும் தாண்டிச் சுற்றினால், திடீரென்று உள்ளே 'சளக் சளக்' என்று சத்தம் மாறும், கைப்பிடி இலகுவாகும், மூடியைத் திறந்தால் மோர் தனியாகவும் மஞ்சள் மணிகள் தனியாகவும் கிடக்கும். இதற்கு அரை மணி நேரம்கூட ஆகலாம். மோரை வடித்து, குளிர்ந்த நீரில் கழுவி, பிசைந்து நீரைப் பிழிந்தெடுக்கும் வேலை அதற்குப் பிறகும் இருக்கிறது. 25ஆவது நிமிடத்தில் நீ மணியடித்தால், வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

ஆகவே பிள்ளைகளைப் பத்துப் பத்துப் பேராக 4 குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் இரண்டே வேலைகளை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம், தொடங்கி முடிக்கும்படி அமைத்துவிடு. மற்றவற்றை நடந்துபோகும் வழியில் பார்த்தால் போதும். வேலைகளைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது: ஒரு குழு கதிரடித்துத் தூற்றிய தானியத்தை அடுத்த குழு திருகையில் இடட்டும், ஒரு குழு சிக்கெடுத்த கம்பளியை அடுத்த குழு நூற்கட்டும். முந்தைய குழு பதரைச் சரியாகத் தூற்றாமல் விட்டிருந்தால், திருகையைச் சுற்றும் குழு அதைக் கண்டுபிடித்துச் சண்டைக்குப் போகும். அந்தச் சண்டையைத் தடுக்காதே.

இத்தகைய இடங்களுக்கு முன்னோடி, ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹசேலியஸ் 1891இல் தொடங்கிய ஸ்கான்சென் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகம். ஸ்வீடனின் பல பகுதிகளிலிருந்து வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடியும் கட்டினார்கள். பிறகு தோன்றிய பலவும் அந்த வழியையே பின்பற்றியதால், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரு வீடுகள் முன்பு ஒரே ஊரில் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. நீ போகும் இடத்தில் எந்தக் கட்டடம் அங்கேயே இருந்தது, எது பெயர்த்துவரப்பட்டது, எது புதிதாகக் கட்டப்பட்டது, எந்த ஆண்டின் வாழ்க்கையைக் காட்டுகிறார்கள் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள். அங்குள்ள விளக்குநர்கள் அந்தக் காலத்து மனிதர்களாகவே நடித்துப் பேசுவார்களா, அல்லது இன்றைய மனிதர்களாக நின்று விளக்குவார்களா என்பதையும் கேள். அமெரிக்காவின் பிளிமத்தில் அமைத்த ஆங்கிலேயக் குடியேற்றக் கிராமத்தில், 1627ஆம் ஆண்டில் வாழ்பவர்களைப் போலவே பேசும் வழக்கத்தைப் பல ஆண்டுகள் கடைப்பிடித்தார்கள். அப்படிப்பட்டவரிடம் மின்சாரத்தைப் பற்றிக் கேட்டால் அவர் விழிப்பார். முன்கூட்டிச் சொல்லாவிட்டால், தம்மைக் கேலி செய்கிறார்கள் என்று சில பிள்ளைகள் வாடிப்போவார்கள்.

பருவத்தையும் விசாரித்துக்கொள். ஆடுகளுக்கு ரோமம் கத்தரிப்பதும் அறுவடை செய்வதும் நம் வசதிக்கு ஏற்ற நாளில் நடப்பவை அல்ல. உண்மையான வேலை நடக்கும் நாளுக்காகத் தேதியை மாற்றினாலும் தகும்.

பிள்ளைகளை அழைத்துப்போகும் முன் நீ ஒருமுறை தனியாகப் போய் நடந்து பார். கழிப்பறைகள், மழைக்கு ஒதுங்கும் கூரை, ஒரு வேலையிடத்திலிருந்து அடுத்ததற்கு நடக்கும் தூரம் ஆகியவற்றை மட்டும் பார்த்தால் போதாது. பழைய வீடுகளுக்கு நிலைப்படி உயரம், வாசல் தாழ்வு. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு எந்த வேலையிடம் எட்டும் என்று பார்த்து, அந்தப் பிள்ளையின் குழுவுக்கு அந்த வேலையையே கொடு. அடுப்புப் புகையும் வைக்கோல் தூசியும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. கொல்லன் பட்டறை வேண்டுமென்றேதான் இருட்டாக இருக்கும்; இரும்பு எவ்வளவு சூடேறியிருக்கிறது என்பதை அதன் நிறத்தைப் பார்த்தே கொல்லர் அறிகிறார். அங்கே போகும் குழுவினர் தலைமுடியைக் கட்டிக்கொண்டு, மூடிய காலணியும் பருத்தி உடையும் அணிந்து வரட்டும். தீப்பொறி பட்டால் செயற்கை இழைத் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

விலங்குகளைத் தொட்ட பின் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கைகழுவாமல் ஒருவரும் சாப்பாட்டுக்கு உட்காரக் கூடாது. கைக்குத் தடவும் கிருமிநாசினித் திரவம் அதற்கு ஈடாகாது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியை அது கொல்வதில்லை. உன்னோடு வரும் ஆசிரியைகளில் கருவுற்றவர் எவரேனும் இருந்தால், குட்டி ஈனும் ஆடுகள் உள்ள தொழுவத்துப் பக்கமே அவரை அனுப்பாதே. அவற்றிடமிருந்து தொற்றும் சில நோய்கள் கருவைப் பாதிக்கும்.

பழங்கால உடை வாடகைக்கு எடுப்பதாக எழுதியிருந்தாய். அணிந்து கழற்றவே ஒரு மணி நேரம் போய்விடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அச்சடித்த வினாத்தாளும் வேண்டாம். அதைப் பிடித்திருக்கும் பிள்ளைக்கு வேலை செய்ய ஒரு கை குறைந்துவிடுகிறது. திரும்பி வந்து மறுநாள் வகுப்பில் எழுதிக்கொள்ளலாம்.

திருத்திய நிரலை அருங்காட்சியகத்துக்கு அனுப்பும் முன் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. எதை விடுவது என்று தயக்கமாக இருந்தால், மெழுகுவர்த்தியை விட்டுவிட்டுக் கயிறு திரித்தலை வைத்துக்கொள். ஒருவர் கொக்கிகளைச் சுற்ற வேண்டும், ஒருவர் இழைகள் பின்னிக்கொள்ளாமல் நடுவில் மரக்கட்டையால் பிரித்துப் பிடிக்க வேண்டும், மூன்றாமவர் மறுமுனையை இழுத்துப் பிடித்தபடி கயிறு குறுகக் குறுக முன்னே நகர வேண்டும். வகுப்பில் ஒருவரோடொருவர் பேசாமல் இருக்கும் அந்த மூவரை அங்கே நிறுத்து.

அன்புடன்,
அப்பா