இணைய மேசைப் பணிகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவில் கூடியிருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

ஆளுக்கொரு கதாபாத்திரமாக இருந்து கதையை ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டுகளுக்கான நமது சங்கத்தின் ஓராண்டுப் பணிகளைத் தங்கள் முன் வைக்கிறேன். நேரில் கூடி ஆடும் ஆட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. அவற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியது அதிகமில்லை. வேலைக்காகப் பெங்களூருக்கும் சிங்கப்பூருக்கும் சென்றுவிட்ட உறுப்பினர்களை நம்மோடு சேர்த்து வைத்திருப்பது, வரைபடமும் பகடையும் வைத்து இணையவழியே ஆட உதவும் இணைய மேசைதான் என்பதால், அதைச் செம்மைப்படுத்துவதிலேயே இவ்வாண்டு உழைப்பின் பெரும்பகுதி சென்றது.

அசையும் ஒளி, மந்திரங்களுக்கான அனிமேஷன், அடிபட்ட பாத்திரத்தின் உயிர்ப்புள்ளிகளைத் தானே கழிக்கும் தானியங்கிச் சேதக் கணக்கு என்று பல கோரிக்கைகள் வந்திருந்தன. அவை எல்லாவற்றுக்கும் முன்பாக, மிகப் பழைய கைபேசியோடு வரும் உறுப்பினர் ஆட்டம் முடியும்வரை இடையில் துண்டிக்கப்படாமல் உட்கார்ந்திருக்க முடிகிறதா என்ற கேள்வியைச் செயற்குழு எடுத்துக்கொண்டது. அந்த வரிசையே சரியானது என்று இப்போதும் உறுதியாக நம்புகிறேன்.

பெரும்பாலான சிக்கல் வரைபடங்களில் இருந்தது. கட்டத்துக்கு 100 பிக்சல் வீதம், 40க்கு 40 கட்டங்கள் கொண்ட ஒரு கோட்டை வரைபடம் 4000க்கு 4000, அதாவது 1.6 கோடி பிக்சல் ஆகிறது. அதை வெப்பி (WebP) என்னும் பட வடிவில் சுருக்கினால் இறங்கும் கோப்பு சிறிதாகும் என்பது உண்மைதான். ஆனால் திரையில் வரைவதற்காக விரிக்கும்போது, கோப்பு எவ்வளவு சிறிதாக இருந்தாலும், பிக்சலுக்கு 4 பைட் வீதம் 64 மெகாபைட் நினைவகத்தை அந்த ஒரு படமே எடுத்துக்கொள்கிறது. பிரவுசர் திடீரென்று மூடிக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கட்டத்துக்கு 70 பிக்சல் என்று குறைத்தால் அதே கோட்டை ஏறக்குறைய 31 மெகாபைட்டில் அடங்கிவிடுகிறது; கைபேசித் திரையில் வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. எனவே சங்கத்தின் பொதுத் தொகுப்பில் உள்ள வரைபடங்களை 70 பிக்சல் கணக்குக்கு மாற்றி, பெரிய நிலவறைகளைத் தளம் தளமாகப் பிரித்து வைத்திருக்கிறோம்.

அடுத்தது இணைப்பு. ஃபவுண்ட்ரி என்னும் இணைய மேசை மென்பொருளை வீட்டுக் கணினியிலேயே இயக்கும் கேம் மாஸ்டரின், அதாவது ஆட்டத்தை நடத்துபவரின், அப்லோடு வேகம் நொடிக்கு 10 மெகாபிட் என்று கொண்டால், 10 மெகாபைட் படம் ஒன்றை ஆடுவோர் ஐந்து பேருக்கு அனுப்பி முடிக்க 40 நொடி ஆகும்; அதுவே 2 மெகாபைட்டாக இருந்தால் 8 நொடி. கதை உச்சத்தில் நிற்கும்போது நாற்பது நொடி மௌனம் என்பது ஆட்டத்தின் உயிரையே எடுத்துவிடும். தவிர, ஒரே பொது ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தரும் இணைப்புகளில், ரவுட்டரில் போர்ட் திறந்து வைத்தாலும் வெளியிலிருந்து வருபவர் உள்ளே நுழைய முடிவதில்லை. இவ்விரண்டையும் கருதிச் சிறிய சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். செலவு விவரம் பொருளாளரின் கணக்கில் இடம்பெறுகிறது.

எந்த மென்பொருள் என்ற விவாதம் நீண்டது. 2012இல் தொடங்கிய ரோல்20 பிரவுசரிலேயே இயங்குவதால் புதியவர்களுக்கு எளிது. ஆயினும் அதன் மேம்பட்ட வசதிகள் பலவற்றுக்குச் சந்தா கட்ட வேண்டும். 2020இல் வெளியான ஃபவுண்ட்ரியில் கேம் மாஸ்டர் மட்டும் ஒருமுறை பணம் செலுத்தி உரிமம் வாங்கினால் போதும். ஆட்டத் தரவு முழுவதும் நம் சர்வரிலேயே இருக்கும். இந்தக் கடைசிக் காரணத்தையே நான் பெரிதாகக் கருதுகிறேன். 2025 பிப்ரவரியில் வெளிவந்த சிகில் என்னும் முப்பரிமாண மேசையை உருவாக்கிய குழுவில் பெரும்பாலோர் அடுத்த மாதமே வேலையிழந்தனர் என்ற செய்தியைப் படித்தபோது, பல ஆண்டுக் கதையைப் பிறர் கையில் ஒப்படைப்பதன் ஆபத்து நன்றாகவே விளங்கியது. ஃபவுண்ட்ரிக்குக் கைபேசியில் அதிகாரபூர்வ ஆதரவு இல்லையாதலால், கைபேசியில் மட்டும் ஆடுவோர் உள்ள குழுக்கள் எளிமையான அவுல்பேர் ரோடியோவைப் பயன்படுத்துகின்றன.

தமிழ்ப் பெயர்கள் தொடர்பாக ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வரைபடத்தில் பாத்திரங்களைக் குறிக்கும் டோக்கன்களுக்குப் படம் இல்லாதபோது பெயரின் முதலெழுத்தை வட்டத்துக்குள் காட்டும் சிறு நிரல் ஒன்றை நாம் பயன்படுத்தி வந்தோம். அது, கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடின் முதல் குறியை மட்டும் எடுத்துக்கொள்வதால் கோதை, கௌரி, கீதா மூவரும் வரைபடத்தில் வெறும் 'க' என்றே நின்றார்கள். போர்க்காட்சியில் யாரை ஓநாய் கடித்தது என்றே தெரியவில்லை. எழுத்தை அதன் உயிர்க்குறியோடு சேர்த்துப் பிரிக்கும் செக்மென்டர் வசதி குரோமில் 2020 முதலும் ஃபயர்பாக்ஸில் 2024 ஏப்ரல் முதலும் இருக்கிறது. நம் இளம் உறுப்பினர்கள் அதைக் கொண்டு நிரலைத் திருத்தியபின் இப்போது 'கோ', 'கௌ', 'கீ' என்று சரியாக வருகிறது. அளவில் சிறியதானாலும், இவ்வாண்டின் பணிகளில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது இதுவே.

2023 ஜனவரியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் ரோல்பிளேயிங் விளையாட்டின் உரிமம் பற்றி எழுந்த பெரும் எதிர்ப்புக்குப் பின், அதன் 5.1 அடிப்படை விதித்தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு அதை மொழிபெயர்க்கவும் பகிரவும் யாருக்கும் உரிமை உண்டு. அதை வைத்து, ஆடுபவரின் பாத்திர விவரங்களைக் குறிக்கும் பாத்திரத் தாளின் தலைப்புகளையும் நிலைக்குறிப்புகளையும் தமிழில் அமைத்துள்ளோம். மந்திரப் பட்டியல் இன்னும் முடியவில்லை. மயக்கம், நஞ்சு போன்ற நிலைகளைச் சிவப்பு, பச்சை நிறத்தால் மட்டும் காட்டாமல் வடிவக் குறிகளையும் சேர்த்தாயிற்று.

தானியங்கிச் சேதக் கணக்கைப் பெரும்பாலான மேசைகளில் நிறுத்தியே வைத்திருக்கிறோம். பகடை விழுந்ததும் எண் தானாகக் கழிந்துவிட்டால், அந்த அடி எங்கே பட்டது என்று கேம் மாஸ்டர் சொல்வதற்கும், ஆடுபவர் குறுக்கிட்டு ஒன்றைச் செய்து பார்ப்பதற்கும் இடமில்லாமல் போகிறது. கூட்டல் கழித்தல் சுமையாகத் தோன்றும் குழுக்கள் அதை இயக்கிக்கொள்ளத் தடையில்லை.

வரும் ஆண்டுக்கு மூன்று வேண்டுகோள்கள் உண்டு. ஃபவுண்ட்ரியின் ஓர் உரிமத்தில் ஒரு நேரத்தில் ஒரு மேசையையே ஆடுவோருக்குத் திறந்துவிட முடியும் என்பதால், சனிக்கிழமை மாலைகளில் இரு குழுக்கள் ஆட இரண்டாவது உரிமம் வாங்க ஒப்புதல் தேவை. ஃபவுண்ட்ரியின் பதிப்பு மாறும்போதெல்லாம் கூடுதல் மாட்யூல்கள் சில வேலை செய்யாமல் நின்றுவிடுவதால், முழுப் பிரதி எடுத்து வைக்காமல் எவரும் பதிப்பை உயர்த்தக் கூடாது என்பதைச் சங்க விதியாகவே ஆக்க வேண்டும். மந்திரப் பட்டியலை முடிக்கத் தமிழ் நன்கறிந்த உறுப்பினர்கள் முன்வர வேண்டும். விருப்பமுள்ளோர் இக்கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்