எலும்பையும் ஒரு வார்த்தை கேளுங்கள், டாக்டர்

கணைய நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். எனக்கு நாள்பட்ட கணைய அழற்சி வந்து 11 வருடமாகிறது. போன வருடம் குளியலறை வாசலில் கால் இடறி, விழாமலிருக்க இடது கையை ஊன்றினேன். அவ்வளவுதான், மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்ட எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "52 வயசுக்கு இப்படி உடையக் கூடாதே, டெக்ஸா ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?" என்றார். எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஸ்கேனாம்; அந்தப் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டேன்.

என் ஃபைலை ஒரு கையால் தூக்க முடியாது. சி.டி. ஸ்கேன், எண்டோஸ்கோபி, சர்க்கரைக் கணக்கு எல்லாம் அதில் உண்டு. எலும்பைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

ஸ்கேன் எடுத்தேன். டி ஸ்கோர், அதாவது இளவயதினரின் சராசரி எலும்பு அடர்த்தியோடு ஒப்பிடும் எண், மைனஸ் 2.8. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலே எலும்புப்புரைதானாம், அதாவது எலும்பு மெலிந்து சுலபமாக உடையும் நிலை.

நான் ஏதோ அபூர்வக் கேஸ் என்று நினைத்தேன். இல்லை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014-இல் வெளிவந்த அலசலின்படி, இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு எலும்புப்புரை இருக்கிறது. அடர்த்தி குறையத் தொடங்கியவர்களையும் சேர்த்தால் மூன்றில் இரண்டு பேர்.

காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. கணையம் போதுமான என்சைம் சுரக்காவிட்டால் கொழுப்பு செரிக்காது. கழிப்பறையில் எண்ணெய் மிதப்பது எங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. கூடவே, கொழுப்பில் கரையும் வைட்டமின் டி-யும் போவது தெரிவதில்லை. செரிக்காத கொழுப்பு கால்சியத்தையும் பிடித்து, சோப்பு மாதிரி ஆக்கி வெளியே கொண்டுபோய்விடுகிறது. போதாததற்கு ஓயாத அழற்சி, வலிக்குப் பயந்து சாப்பிடாமல் மெலிவது, பலருக்கு மதுவும் சிகரெட்டும். (நான் 15 வருடம் புகைத்தவன். அந்தப் பங்கை உங்கள் தலையில் கட்ட மாட்டேன்.)

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். என் சீட்டில் என்சைம் மாத்திரைக்கு எதிரே 'சாப்பாட்டுக்கு முன்' என்று எழுதியிருந்தது. நானும் ஒழுங்காக அரை மணி நேரம் முன்னால் விழுங்கினேன், வருடக்கணக்கில். முதல் கவளத்தோடு எடுத்து, மாத்திரை பல இருந்தால் பாதியைச் சாப்பாட்டின் நடுவில் போட வேண்டும் என்று எலும்பு உடைந்த பிறகு ஒரு உணவியல் நிபுணர்தான் சொன்னார். கொழுப்பே சேராத குடலில் வைட்டமின் டி மாத்திரை மட்டும் எப்படிச் சேரும்?

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. நோயை உறுதிசெய்யும்போதே ஒரு டெக்ஸாவும், ரத்தத்தில் வைட்டமின் டி அளவும் பாருங்கள். 2017-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. குறிப்பாக 50 தாண்டிய ஆண்கள், மாதவிடாய் நின்ற பெண்கள், கொழுப்பு செரிக்காதவர்கள், லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்தவர்கள் ஆகியோரை விட்டுவிடக் கூடாது. நான் அதில் மூன்று கட்டத்தில் டிக் ஆகிறேன்.

குடல் டாக்டர் இது எலும்பு டாக்டர் வேலை என்கிறார். எலும்பு டாக்டரோ, உடைந்த பிறகுதான் எங்களைப் பார்க்கிறார். அடுத்த நோயாளி வந்து உட்கார்ந்ததும், வலி எப்படி இருக்கிறது என்று கேட்ட கையோடு, "எங்கேயாவது எலும்பு முறிஞ்சிருக்கா, உயரம் குறைஞ்ச மாதிரி இருக்கா?" என்றும் கேட்டுவிடுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.

இப்படிக்கு,
இடது கையால் இன்னும் வாளி தூக்க முடியாத
ஒரு கணைய நோயாளி