கண்ணை மூடச் சொல்லாத டீச்சருக்கு

உங்கள் பேரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டீர்கள். சரி டீச்சர், போடவில்லை. அந்த மழை ராத்திரியில் எங்களோடு உட்கார்ந்து யோகா சொல்லிக்கொடுத்ததற்கு நன்றி சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை அல்லவா? அதைப் பிடித்துக்கொண்டு, ஊரே படிக்கிற மாதிரி இதை எழுதுகிறேன். ரோடு திறந்து, வண்டி ஓட ஆரம்பித்து, இப்போதுதான் கை ஒழிந்தது. ஆறப்போட்டால் எழுதாமலே போய்விடும்.

மழையைப் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை. ஃபெஞ்சல் என்று பேர் வைத்தார்கள். புதுச்சேரிப் பக்கம் கரை கடந்த புயல், கடலுக்கு இத்தனை தூரத்தில் இருக்கிற சேர்வராயன் மலையில் வந்து கொட்டித் தீர்த்தது. மலைப்பாதை என்ன ஆனது, யார் வீட்டுக்குள் எது வந்தது என்பதெல்லாம் ஏற்காட்டுக்காரர்களுக்கும் சேலத்துக்காரர்களுக்கும் தெரியும். மறுபடி அதைச் சொல்ல எனக்கும் தெம்பு இல்லை.

நன்றிக்கு உரியவர்கள் நிறையப் பேர். சரிந்து கிடந்த மண்ணிலும் பாறையிலும் நனைந்துகொண்டே ஜேசிபி ஓட்டியவர்கள், கம்பம் கம்பமாக ஏறி இறங்கிய மின்வாரியத் தொழிலாளர்கள், சேற்றில் நடந்தே மருந்துப் பையைத் தூக்கிவந்த கிராம சுகாதாரச் செவிலியர், குடிதண்ணீர்க் குழாயைச் சரிசெய்த ஊராட்சிப் பணியாளர்கள், செவ்வாய்ப்பேட்டையிலிருந்து அரிசி மூட்டை அனுப்பிய கடைக்காரர்கள், போர்வை கொடுத்த அம்மாபேட்டைத் தறிக்காரர்கள், தங்கள் அடுப்பை எங்களுக்கு விட்டுக்கொடுத்த எஸ்டேட் ஆட்கள், விடிய விடிய டார்ச்சோடு காவல் இருந்த எங்கள் ஊர்ப் பையன்கள். எல்லோருக்கும் கும்பிடு. எல்லோரையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டானே என்று நினைக்காதீர்கள். நீங்கள் செய்த வேலை ரோட்டிலும் கம்பத்திலும் தெரிகிறது. டீச்சர் செய்தது அப்படி வெளியே தெரியாது, அதனால் அவருக்குக் கொஞ்சம் இடம் அதிகம்.

இனி உங்களிடம் பேசுகிறேன் டீச்சர்.

நீங்கள் யோகா சொல்லித்தர வந்தவரே இல்லை. நிவாரண வண்டியில் பெண்களுக்கான துணிமணியைப் பிரித்துக் கொடுக்க வந்தவர். வேலை முடிந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தும் விட்டீர்கள். இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டும் என்று டிரைவர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அந்த அவசரம் எனக்குப் புரியும், நானும் அதே தொழில்தான். அப்போது மறுபடி மழை பிடித்தது. பெரிய மழைகூட இல்லை. நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துத் தகரக் கூரையில் சடசடவென்று விழுந்ததும் உள்ளே இருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தார்கள். நனைந்தாலும் பரவாயில்லை, கூரைக்குக் கீழே இருக்க முடியாது என்கிற மாதிரி. நீங்கள் அதைப் பார்த்தீர்கள். இறங்கினீர்கள். "நீங்க போங்கண்ணா, நான் நாளைக்கு ஏதாவது வண்டி பிடிச்சு வந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தீர்கள். மாற்றுத்துணி இல்லை, போன் சார்ஜர்கூட இல்லை.

சோறு கொடுத்தார்கள், பணம் கொடுத்தார்கள், அதெல்லாம் சின்ன விஷயமில்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்குக் கீழே எங்களோடு ஒரு ராத்திரி உட்கார்ந்த வெளியூர்க்காரர் நீங்கள் ஒருவர்தான்.

"பயப்படாதீங்க" என்று நீங்கள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குச் சலித்துப் போயிருந்தது. "பயம் வந்தா வரட்டுங்க, மூச்சை மட்டும் பிடிச்சு வெச்சுக்காதீங்க" என்றீர்கள். கதவை அகலத் திறந்து வைத்து, எல்லோரையும் வாசலைப் பார்த்து உட்கார வைத்தீர்கள். பாய் விரிக்கவில்லை, சுலோகம் சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடியே பாதத்தைத் தரையில் அழுத்தச் சொன்னீர்கள். தோளைக் காது வரைக்கும் தூக்கித் தொப்பென்று விடச் சொன்னீர்கள். "கண்ணை மூடிக்கணுமா?" என்று என் மனைவி கேட்டாள். "வேண்டாங்க. மூடினா அன்னைக்குப் பார்த்ததெல்லாம் வந்து நிக்கும். திறந்தே இருக்கட்டும், வெளியே போற வழி தெரியட்டும்" என்றீர்கள். யாரையாவது தொட்டு நிமிர்த்த வேண்டுமென்றால் முதலில் கேட்டுவிட்டுத்தான் தொட்டீர்கள். வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்ட ஒரு பையன் கபாலபாதி செய்கிறேன் என்று வயிற்றை உள்ளே தள்ளித் தள்ளி ஊத ஆரம்பித்தான். "இப்ப வேண்டாம் தம்பி. படபடப்பு இருக்கறப்ப வேகமா ஊதினா தலை சுத்தும், பயம் இன்னும் கூடும்" என்று நிறுத்தினீர்கள்.

அப்புறம் மணிக்கட்டில் நாடியைத் தொடச் சொன்னீர்கள். நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் ஓடுகிறது, விடும்போது தணிகிறது. மூளையிலிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிற வேகஸ் நரம்பு என்று ஒன்று உண்டு, மூச்சை நீட்டி விடும்போது அதன் பிடி கூடி இதயம் நிதானமாகும் என்று விளக்கம் சொன்னீர்கள். நரம்பின் பேர் இங்கே பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. நாடி தணிந்ததை அவரவர் விரலே தொட்டுப் பார்த்ததே, அது மறக்கவில்லை.

நடுராத்திரி மழை வலுத்தபோது பிராமரி. வாயை மூடி, மூக்கு வழியாக மூச்சை விட்டுக்கொண்டே வண்டு ரீங்காரம். காதைப் பொத்தச் சொல்லவில்லை நீங்கள், மழைச் சத்தம் கேட்கட்டும் என்றீர்கள். பிள்ளைகள் யார் அதிக நேரம் இழுப்பது என்று போட்டியே போட்டார்கள். எங்கள் ஊர்ப் பாட்டி ஒருவர் கேட்டார்: "ஏம்மா, இப்படி முனகினா மழை நின்னுருமா?" "மழை நிக்காது பாட்டி. நெஞ்சு அடிச்சுக்கறது கொஞ்சம் நிக்கும்." பாட்டி யோசித்துவிட்டு, "அதுவும் நல்லதுதான்" என்று முனக ஆரம்பித்தார். மல்லாந்து படுக்கப் பயமாக இருக்கிறது என்றவர்களைச் சுவருக்கு முதுகைக் கொடுத்து ஒருக்களிக்கச் சொன்னீர்கள். அன்றைக்குப் பலர் தூங்கினார்கள். எல்லோரும் தூங்கினார்கள் என்று எழுதினால் பொய்.

என் கதைக்கு வருகிறேன். சுற்றுலாவுக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்குவது என் பிழைப்பு. சேலம் ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு. எத்தனையோ வருஷமாக ஓட்டுகிற ரோடு. பாதை திறந்த பிறகு சவாரி போனபோது, மண் சரிந்து செக்கச் சிவந்து நிற்கிற மலை முகத்தைப் பார்த்ததும் உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. ஓரமாக நிறுத்தினேன். பாதத்தை அழுத்தினேன், நாலு உள்ளே, ஆறு வெளியே. அப்புறம் ரீங்காரம் போட்டுக்கொண்டே இறக்கினேன். பின்னால் உட்கார்ந்திருந்த ஈரோட்டுக் குடும்பத்தில் ஒரு சின்னப் பெண், "அங்கிள், என்ன பாட்டு?" என்று கேட்டாள். பழைய பாட்டு என்று சொல்லிவிட்டேன். கண்ணைத் திறந்து வைத்துச் செய்கிறதை நீங்கள் சொல்லிக்கொடுத்ததால்தானே ஓட்டும்போதும் கூட வருகிறது? மலை இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு போனால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். இரண்டாவது கியரில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நீட்டி விடுகிற மூச்சு எனக்கு அப்படித்தான் புரிகிறது.

சேலத்தில் படிக்கிற என் மகள், அப்பா சொல்வது நிஜமா என்று போனில் தேடிப் பார்த்தாள். 2004 சுனாமிக்குப் பிறகு அந்தமானில் உயிர் தப்பிய 47 பேருக்கு ஒரு வாரம் யோகா சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பயம், பதற்றம், துக்கம், தூக்கக்கேடு எல்லாம் குறைந்ததாக யோகா செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். 2008 பீகார் வெள்ளத்துக்குப் பிறகு 22 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து இன்னொரு ஆய்வு. ஒரு வாரம் யோகா செய்தவர்களுக்குத் துக்கம் குறைந்தது, செய்யாதவர்களுக்குப் பதற்றம் கூடியது. "ரொம்பச் சின்ன ஆய்வுப்பா, இதை வெச்சுப் பெரிசா ஒண்ணும் சொல்ல முடியாது" என்கிறாள் மகள். படித்த பிள்ளை, அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். பதற்றம் ஏறாமல் நின்றாலே போதும் என்பது அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் கணக்கு.

மூச்சு விட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று யாரும் இதைப் படித்துவிட்டு நினைக்க வேண்டாம். எங்கள் பங்காளி ஒருவருக்கு இது எதுவும் பிடிபடவில்லை. சாப்பிடவில்லை, பேசவில்லை, காபிப் பழம் பறிக்கத் தோட்டத்துக்குப் போகவில்லை. உங்களிடம் போனில் சொன்னபோது, "இது என் வேலை இல்லண்ணா, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்று பட்டென்று சொன்னீர்கள். டெலிமானஸ் என்கிற அரசாங்க மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணையும் கொடுத்தீர்கள். தமிழிலேயே பேசினார்கள், காசு இல்லை. இப்போது அவர் சேலத்தில் அரசு ஆஸ்பத்திரியில் காட்டி மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு வேளை சோறு முழுசாகச் சாப்பிடுகிறார். தனக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டு எல்லா நோய்க்கும் மருந்து என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படிச் சொல்லாததற்குத் தனியாக ஒரு நன்றி.

பெண்கள் சாயங்காலம் பள்ளிக்கூடத்துத் திண்ணையில் இன்னும் கூடுகிறார்கள். முழு நேரமும் யோகா என்று சொல்ல முடியாது, பாதி நேரம் ஊர்க்கதை. அந்தப் பாட்டிதான் இப்போது வாத்தியார். எண்ணிக்கையில் நாலு, ஆறு எல்லாம் அவரிடம் கிடையாது, "இழு... விடு... இன்னும் விடு" என்கிறார்.

ஒன்று முடிவு பண்ணியிருக்கிறேன். இனி அடைமழை நாளில் மலையில் யார் மாட்டிக்கொண்டாலும், ஆஸ்பத்திரிக்கோ முகாமுக்கோ போக என் வண்டிக்கு வாடகை கிடையாது. ஊர்க்கூட்டத்திலும் சொல்லிவிட்டேன், இங்கேயும் எழுதிவிட்டேன். பின்வாங்கினால் கேளுங்கள்.

அப்புறம், காசு எதுவும் வாங்க மாட்டேன் என்றீர்கள். உங்கள் தெருமுனை மளிகைக் கடையில் ஒரு பை கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மழைக்குத் தப்பிய பழத்தில் எங்கள் பெண்கள் வறுத்து அரைத்த காபித்தூள், போன வருஷத்து மிளகு கொஞ்சம். திருப்பி அனுப்பினால் பெண்கள் கோபித்துக்கொள்வார்கள். தூளில் சிக்கரி கலக்கவில்லை, டிகாஷன் கெட்டியாக வேண்டுமென்றால் ஒரு கரண்டி கூடப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஏற்காட்டு டிரைவர் ஒருவன்